மல்லாட்டை நாட்டில் கடலை போட்டவர்கள்

முகையூரில் ஒரு டீக்கடை. காலை ஏழு மணி இருக்கும். கல்லூரிக்குப் பஸ் ஏற வந்த பையன்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான்காமவன் கொஞ்சம் தள்ளி, புளியமரத்தடியில் போனைக் காதோடு ஒட்டவைத்துக் குழைந்துகொண்டிருந்தான். "அவன் வரமாட்டான், கடலை போட்டுகினு இருக்கான்" என்றான் ஒருவன். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கினார்.

"எத்தினி காணி போட்டிருக்கான்?"

பையன்கள் சிரித்த சிரிப்பில் ஒருவன் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. பெரியவருக்குக் கோபம். "என்னாடா சிரிப்பு? மார்கழிப் பட்டத்துல போட்டதத்தான கேக்குறேன்? அதுவும் என்னா அது கடலை? வாய் நெறைய மல்லாட்டைன்னு சொல்லு."

பையன்களில் துடுக்கானவன் விடவில்லை. "தாத்தா, மல்லாட்டைன்னா என்னா அர்த்தம்?"

"மல்லாட்டைன்னா மல்லாட்டதான். அதுக்கு என்னாடா அர்த்தம்?"

நான் இந்த இரண்டு பேச்சையும் மாறி மாறி அசைபோட்டபடிதான் அன்றைக்குப் பஸ் ஏறினேன். கடலைக்கு இரண்டு அர்த்தம் தெரிந்த பையனைவிட, மல்லாட்டைக்கு அர்த்தமே வேண்டாம் என்ற பெரியவர்தான் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிந்தார். ஏனென்றால், அவர் நெஞ்சு நிமிர்த்திச் சொன்ன அந்தச் சொல்லும் ஒரு காலத்தில் யாரோ வாய்க்கு வந்தபடி திரித்த சொல்தான். தென்னமெரிக்காவில் பிறந்த செடி, ஸ்பானியர்கள் வழியாகப் பிலிப்பைன்ஸ் போய், அந்த நாட்டு மணிலா நகரத்தின் பெயரைச் சுமந்துகொண்டு தென்னார்க்காட்டுக்கு வந்தது. மணிலாக்கொட்டை. சொல்லிச் சொல்லித் தேய்ந்து மணிலாட்டை, அதுவும் தேய்ந்து மல்லாட்டை. இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் விளைந்த மல்லாட்டை புதுச்சேரி வழியாகக் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போன காலம் ஒன்று உண்டு. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று விவசாயி சொல்கிற விதை ரகங்களில் உள்ள டி.எம்.வி., திண்டிவனத்தைக் குறிப்பது. அரகண்டநல்லூர் மார்க்கெட் கமிட்டியில் இன்றைக்கும் மூட்டையைக் காட்டி மணிலா என்றுதான் விலை சொல்வார்கள். வீட்டுக்கு வந்தால் அதுவே மல்லாட்டை. மதுரைக்காரருக்கு நிலக்கடலை, சென்னைக்காரருக்கு வேர்க்கடலை.

"கடலை போடுதல்" இந்த மண்ணில் பிறந்திருக்க முடியாது என்பது என் கட்சி. இங்கே பிறந்திருந்தால் "மல்லாட்டை போடுறான்" என்றல்லவா வந்திருக்க வேண்டும்? அப்படிச் சொன்னால் அவன் நிலத்துக்குத்தான் போயிருக்கிறான் என்று அர்த்தம். பெண்ணைப் பெற்றவர்கள்கூட நிம்மதியாக இருக்கலாம்.

ஓசியின் குலக்கதை

சோறு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், "ஓசி" எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்கள் தெருவிலேயே நாலு பேர் பதில் வைத்திருப்பார்கள். அதிகம் பேர் சொல்லும் கதை இது: கிழக்கிந்தியக் கம்பெனி தன் வேலையாக அனுப்பிய தபால்களில் 'ஆன் கம்பெனி சர்வீஸ்' என்று முத்திரை குத்தும், அந்தத் தபாலுக்குக் கட்டணம் இல்லை, அந்த ஓ.சி.எஸ். தேய்ந்து ஓசி ஆயிற்று. எந்த எழுத்துக்கு எது விரிவு என்பதில் மட்டும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுபடுவார்கள்.

கதை உண்மையா? இருக்கலாம். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. எனக்கு அக்கறை, இந்தக் கதை எதற்குத் தேவைப்படுகிறது என்பதில்தான். அப்பன் பெயர் தெரியாமல் ஒரு சொல் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் நமக்குப் பொறுக்காது. உடனே அதற்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் தயார் செய்துவிடுவோம். சொல்லை ஒருவர் உண்டாக்குகிறார்; அந்தச் சொல்லுக்கான கதையை ஊரே கூடி உண்டாக்குகிறது.

ஓசிக்கு இந்தப் பகுதியில் இன்னொரு வரலாறும் உண்டு. அது கம்பெனி காலத்துக் கதை அல்ல, 2022இல் எல்லோரும் டி.வி.யில் பார்த்தது. முகையூர் என்ற பெயரில் சட்டமன்றத் தொகுதி முன்பு இருந்தது. 2008 மறுசீரமைப்பில் அது போய், இந்தப் பக்கம் திருக்கோவிலூர் தொகுதி ஆயிற்று. அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.வாகவும் உயர்கல்வித் துறை அமைச்சராகவும் அப்போது இருந்தவர் க. பொன்முடி. கல்லூரியில் பாடம் நடத்தியவர்; மேடையில் பேச்சுத் தமிழில், எதிரே இருப்பவரிடம் திண்ணையில் பேசுவதுபோல் பேசுவார். 2022 செப்டம்பரில் ஒரு விழாவில், அரசுப் பேருந்தில் பெண்கள் கட்டணம் இல்லாமல் போவதைச் சொல்ல வந்தவர், நீங்கள் ஓசியில்தானே போகிறீர்கள் என்ற தொனியில் பேசிவிட்டார்.

அவ்வளவுதான். தமிழ்நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது. கோவைப் பக்கம் ஒரு மூதாட்டி, ஓசியில் நான் வரமாட்டேன் என்று கண்டக்டரிடம் காசை நீட்டி டிக்கெட் கேட்ட வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அது தானாக நடந்ததா, யாராவது நடத்தியதா என்று கட்சிகள் அடித்துக்கொண்டன. விளையாட்டாகச் சொன்னது என்று விளக்கம் சொல்ல வேண்டிய நிலைமை அமைச்சருக்கு.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கமாட்டேன். "ஓசி பேப்பர்", "ஓசி டீ" என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம், யாருக்கும் வலிப்பதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியிடம் அதே மூதாட்டி "ஓசில போறோம், ஓட்டமா ஓடுது பாரு" என்று சொல்லிச் சிரித்திருக்கக்கூடும். ஆனால், நண்பன் வாயில் ஓசி என்றால் இலவசம். கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் வாயிலிருந்து அது வந்தால், வாங்குகிறவரின் மானத்துக்கு விலை போட்டதாகிவிடும். அகராதி இந்த இரண்டுக்கும் ஒரே வரிதான் எழுதும். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அந்த வித்தியாசம் அகராதி இல்லாமலே தெரிந்திருந்தது.

அப்பாவாகிப் போன போர்க்கப்பல்

சொல்லின் அர்த்தம் உண்டாக்கியவர் கையில் இல்லை என்பதற்கு எம்டனைவிடப் பெரிய சாட்சி கிடையாது. முதல் உலகப் போர் தொடங்கிய வருடம், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு எதிரே வந்து நின்று, துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டது. தொட்டிகள் எரிந்தன. பிரிட்டிஷ்காரன் சுதாரிப்பதற்குள் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை அடித்து நொறுக்கியது. சென்னைக்கு முன்னால் அது நின்ற நேரம் ஒரு மணிக்கும் குறைவு. சொல் நிற்பது நூறு வருடத்துக்கும் மேல்.

தமிழில் எம்டன் என்றால் யார்? ஏமாற்றிவிட்டு நழுவும் எத்தனும் எம்டன்தான். வீட்டுக்குள் வந்தாலே பிள்ளைகள் மூலைக்கு ஓடும் கண்டிப்பான அப்பாவும் எம்டன்தான். கையில் பிரம்போடு வராந்தாவில் நடக்கும் தலைமையாசிரியரும் அதுவேதான். மலையாளத்தில் அது "எமண்டன்" ஆகி, பிரம்மாண்டமான எதற்கும் அடைமொழி ஆயிற்று; பெரிய மீனும் எமண்டன், பெரிய பொய்யும் எமண்டன். 2019இல் துல்கர் சல்மான் நடித்த படத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் சிங்களத்திலும் கெட்டிக்காரத் தந்திரசாலிக்கு அதே பெயர். நம்மவர்கள் அதன் வருகிற போகிற சாமர்த்தியத்தையும் பயத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மலையாளிகள் உருவத்தை எடுத்துக்கொண்டார்கள். கப்பல் ஒன்றுதான். சின்ன வயதில் நான் அதை எமனோடு சேர்த்தே புரிந்துவைத்திருந்தேன். எமன், எமகாதகன், எம்டன் என்று வரிசை சரியாகத்தானே இருக்கிறது? கப்பல் கதை தெரிந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எம்டனுக்கு இரண்டாவது தோல்வி சென்னையில் நடந்தது. 2006இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று தி.மு.க. அரசு அறிவித்தது. அப்போது தயாராகிக்கொண்டிருந்த 'எம்டன் மகன்' படம் 'எம் மகன்' என்று மாறியது. ஜெர்மனிக்காரப் பெயர் ஆயிற்றே! நாசர் நடித்த அந்த அப்பா பாத்திரத்துக்கு எம்டனைவிடப் பொருத்தமான பெயர் தமிழில் இல்லை என்பது படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அதே வருடம் 'ஜில்லுனு ஒரு காதல்', 'சில்லுனு ஒரு காதல்' ஆனது. ஜில் தமிழ் இல்லை, சில் தமிழ். ஒரு எழுத்தில் வரி மிச்சம்.

அந்த விதி உச்சத்துக்குப் போனது 2016 பொங்கலுக்கு. உதயநிதி ஸ்டாலின் நடித்த 'கெத்து' படம் வந்தது. இதற்குள் அ.தி.மு.க. ஆட்சி. கெத்து தமிழ்ச் சொல் இல்லை என்று சொல்லி வரிவிலக்கு மறுக்கப்பட்டது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தெருமுனையில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்லும் ஒரு சொல், கறுப்பு அங்கி போட்ட வழக்கறிஞர்கள் நடுவில் தன் குலம் கோத்திரத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அரசியலை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கெத்து தமிழா என்று சந்தேகப்பட்ட அதிகாரி, அன்றைக்கு மதியம் கேண்டீனில் "அவரு கெத்தா பேசிட்டாருப்பா" என்று யாரைப் பற்றியாவது சொல்லாமலா இருந்திருப்பார்? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது; கேளிக்கை வரி முறையே மாறிப்போனது. பிறகு 'மாஸ்டர்', 'பீஸ்ட்', 'லியோ' என்று வந்தபோது யாரும் அகராதியைப் புரட்டவில்லை.

டுபாக்கூர் எந்தத் தாலுகா?

எங்கள் பக்கம் முகையூர், திருக்கோவிலூர், மேல்மலையனூர் என்று ஊர் ஊராக முடியும். அதனால் டுபாக்கூரும் எங்கேயோ இருக்கிற ஓர் ஊர், அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் ஏமாற்றுப் பேர்வழிகள் என்று ஆறாம் வகுப்பு வரை நம்பியிருந்தேன். பிறகு ஒரு பெரியவர் வேறு விளக்கம் கொடுத்தார். கம்பெனி காலத்தில் வெள்ளைக்காரனுக்கும் நம்மவர்களுக்கும் இடையே மொழிபெயர்த்தவர்கள் துபாஷிகள். இரண்டு பக்கமும் இரண்டு விதமாகப் பேசிக் காசு பார்த்தவர்கள். அந்தத் துபாஷ்தான் டுபாக்கூர் என்றார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு இன்றைக்கும் வரலாற்றுக்காரர்களின் பொக்கிஷம். அவரையும் இந்த வசைக்குள் இழுத்துவிடுகிறது இந்தக் கதை. சரி, துபாஷ் புரிகிறது, அந்த "க்கூர்" எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பெரியவர் வெற்றிலை வாங்கப் போய்விட்டார்.

அப்பாடக்கர் கதை இதைவிட அழகு. சந்தானத்தின் நகைச்சுவையால் ஊரெல்லாம் பரவிய சொல் அது. "நீ என்ன பெரிய அப்பாடக்கரா?" கொஞ்ச நாளில் அதற்கும் பூர்வீகம் கிடைத்துவிட்டது: தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் வாழ்நாள் முழுக்கப் பாடுபட்ட குஜராத்தைச் சேர்ந்த காந்தியவாதி அமிர்தலால் தக்கர்தான் அப்பாடக்கர் என்று. தக்கர் பாபா என்று மக்கள் அழைத்த மனிதர் அவர். 1869இல் பிறந்து 1951இல் மறைந்தார். சென்னை தியாகராய நகரில் அவர் பெயரில் தக்கர் பாபா வித்யாலயா இருக்கிறது. பாபாவை அப்பாவாக்கி, முன்னால் போட்டால் அப்பா தக்கர். கச்சிதமாகப் பொருந்துகிறது. இப்படி ரொம்பக் கச்சிதமாகப் பொருந்தும் கதைகளைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். ஆனாலும், ஒரு கேலிச் சொல்லுக்குள் ஒரு நல்ல மனிதரைக் கொண்டுவந்து வைத்த அந்த முகம் தெரியாத ஆளின் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது.

சில சொற்களுக்குப் பூர்வீகம் உண்மையாகவே இருக்கிறது. அதைப் பேசுகிறவர்களுக்குத்தான் தெரியாது. சென்னையில் திட்டும்போது வரும் கஸ்மாலம் அழுக்கைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல். பேமானி, நேர்மை இல்லாதவன் என்ற பொருளில் பாரசீகம் வழியாக உருதுவில் வந்தது. பேஜாரும் நாஷ்டாவும் அந்த வழிதான். "கலாய்த்தல்" இன்னும் விசேஷம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற கலாய்தான் இது, ஆளைப் போட்டுத் தேய்த்து எடுப்பதால் இப்படி என்று ஒரு கட்சி. சண்டையைக் குறிக்கும் கலாம் என்ற சொல்லும், சண்டை பிடித்தல் என்ற பொருளில் கலாய்த்தலும் பழைய தமிழிலேயே உண்டு என்று இன்னொரு கட்சி. இரண்டாவது சரியென்றால், பஸ் ஸ்டாண்டில் நண்பனை ஓட்டிக்கொண்டிருக்கும் பையன் புலவர் வீட்டுத் தமிழைத்தான் பேசிக்கொண்டிருக்கிறான்.

கள்ளுக்கு அவர்கள் வைத்த பெயர்

இதெல்லாம் இன்றைய பிள்ளைகளின் கூத்து என்று நினைக்கும் தமிழாசிரியர்களுக்கு நன்னூலை நினைவுபடுத்த வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம். தகுதி வழக்கு மூன்று என்று சொல்லும்போது இடக்கரடக்கல், மங்கலம் இரண்டோடு குழூஉக்குறிக்கும் இடம் கொடுத்திருக்கிறார். ஒரு கூட்டத்தார் பிறருக்குப் புரியக்கூடாது என்று தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் பெயர். உரைக்காரர்கள் காட்டும் உதாரணங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவைதான்: பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் காரை என்பார்கள், வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பார்கள்.

சொல்விளம்பி! உள்ளே போனால் உள்ளதையெல்லாம் வெளியே சொல்ல வைப்பது. ஒரு கெட்ட பழக்கத்துக்கு இதைவிட நல்ல பெயரை எந்த விளம்பர நிறுவனமும் வைத்துவிட முடியாது. எந்த வேடன் எந்த இரவில் இதைச் சொல்லிச் சிரித்தானோ, அவன் பெயர் யாருக்கும் தெரியாது. சொல் இலக்கணப் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்து எழுநூறு வருடமாகப் பரீட்சையில் இரண்டு மார்க் வாங்கித் தருகிறது.

கள்ளை வடிகட்டுகிற பொருளுக்கும் ஒரு கதை இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் வரப்புக்கு வரப்பு பனை நிற்கும். மட்டை அடியில் சல்லடை போல ஒரு நார்ப் படலம் இருக்கும், அது பன்னாடை. அதில் கள்ளை ஊற்றினால் கள் இறங்கிவிடும். ஈயும் தூசியும் மேலே தங்கும். நல்லதை விட்டுவிட்டு வேண்டாததைப் பிடித்துக்கொள்ளும் மாணவனுக்கு நன்னூல் இதே பொருளைத்தான் உவமை காட்டுகிறது. நெய்யரி என்று பெயர் சொல்லி, கடைசி மாணாக்கர் வரிசையில் வைக்கிறது. "பன்னாடைப் பயலே" என்று மகனைத் திட்டும் அப்பா நன்னூல் படித்தவர் இல்லை. பனையேறத் தெரிந்தவராக இருக்கலாம். 1987 முதல் கள்ளுக்குத் தடை. வடிகட்ட வேலை இல்லாமல் பன்னாடை இப்போது திட்டுவதற்கு மட்டும் பயன்படுகிறது. சென்னையில் பனை பார்க்காத பிள்ளைகளும் சொல்கிறார்கள். ஏதோ கிழிந்த ஆடை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

குழூஉக்குறி வாயால்தான் பேசப்பட வேண்டும் என்பதும் இல்லை. செஞ்சியில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை; பண்டிகை நெருங்கினால் கூட்டம் நெரியும். சந்தைகளில் பழைய தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு, எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு இரண்டு பேர் கைகுலுக்குவது மட்டுந்தான் தெரியும். விரலில் விலை முடிந்த பிறகு வாயில் வேறு பேச்சு. பெண் பிள்ளைகளுக்கு க பாஷை இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் ஒரு க போட்டு, கநீ கவா கடி என்று ஓட்டமாகப் பேசுவார்கள். அண்ணன்காரன் விழித்துக்கொண்டு நிற்பான். எங்கள் வீட்டில் அக்காவும் அத்தை மகளும் என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்பது வெகு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

கூவாகம்

மறைபொருளாகப் பேசுவது விளையாட்டாக இல்லாமல் கட்டாயமாகிப் போனவர்களும் இருக்கிறார்கள். உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் கூவாகம், 2019இல் மாவட்டம் பிரிந்தபோது கள்ளக்குறிச்சியோடு போய்விட்டது. ஆனால், சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கைகள் விழுப்புரத்தில்தான் இறங்குகிறார்கள்; அழகிப் போட்டியும் இங்கேதான். அந்த நாட்களில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றால் உங்கள் காதில் விழும் சொற்கள் தமிழ்போல இருக்கும், அர்த்தம் மட்டும் நழுவும்.

பந்தி என்றால் நமக்குக் கல்யாணச் சாப்பாட்டு வரிசை, அவர்களுக்கு ஆண். நிர்வாணம் நமக்கு உடையற்ற நிலை, துறவிகளுக்கு முக்தி. அவர்களுக்கு, உடலை மாற்றிக்கொள்ளும் அறுவைச் சடங்கு. கடை கேட்பது என்றால் கடை கடையாகப் போய்க் காசு கேட்பது. இளையவர் மூத்தவரைப் பார்த்ததும் "பாம்படுத்தி" என்பார்; காலில் விழுகிறேன் என்று பொருள். மூத்தவர் "ஜீயோ" என்று வாழ்த்துவார். இவற்றில் பலவும் வடக்கிலிருந்து ஜமாத் என்ற அவர்களுடைய குழு அமைப்பு வழியாக வந்து தமிழ் வாயில் உருண்டவை. போலீசுக்கும் ரௌடிக்கும் தெரியாமல் ஒருவரையொருவர் எச்சரிக்க அவர்களுக்கு அந்தப் பாஷை வேண்டியிருந்தது.

மற்றவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர்களை இங்கே எழுதக் கூசுகிறது. ஓர் எண்ணைக்கூட வசவாக்கி வைத்திருந்தோம். அதை மாற்றத்தான் கூத்தாண்டவரான அரவானின் பெயரிலிருந்து அரவாணி வந்தது. 2008இல் நல வாரியம் அமைந்ததும் அந்தப் பெயரில்தான். பிறகு திருநங்கை நிலைத்தது. அரவாணி என்பது அரவானுக்காக ஒரு நாள் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கும் சடங்கோடு கட்டிப் போடுகிறது, எல்லோரும் அந்தச் சடங்கு செய்பவர்கள் இல்லையே என்றார்கள் சிலர். நியாயந்தான். 2022 ஆகஸ்டில், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் நடந்த வழக்கின் தொடர்ச்சியாக, பாலினச் சிறுபான்மையினரை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று தமிழக அரசு ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் வெளியிட்டது. அரசு ஏட்டில் ஏறும் சொல் பெரும்பாலும் அலுவலகக் கதவைத் தாண்டாது. திருநங்கை தாண்டியது. கூவாகத்துக்குப் போகிற டவுன் பஸ் கண்டக்டர் வாயில் அது சரளமாக வருகிறது என்பதைவிட அந்தச் சொல்லுக்கு வேறு சான்றிதழ் தேவையில்லை.

420க்கு வயது என்ன?

எண்கள் பேச்சுக்குள் வருவதில் 420தான் மூத்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆவது பிரிவு ஏமாற்றுக்காரர்களுக்கானது. ராஜ்கபூர் 1955இல் படத்துக்கே ஸ்ரீ 420 என்று பெயர் வைத்தார். நம் ஊரில் சட்டம் தெரியாத பாட்டியும் "ஃபோர்ட்வென்டிப் பய" என்பார். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மோசடிக்கு இப்போது 318ஆவது பிரிவு. யாராவது "அவன் ஒரு 318" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இதே 420ஐ அமெரிக்காவில் சொன்னால் கஞ்சா. கலிபோர்னியாவின் சான் ரஃபேல் உயர்நிலைப் பள்ளியில் 1971இல் படித்த ஐந்து நண்பர்கள், எங்கோ கேட்பாரற்று வளர்ந்திருந்த கஞ்சாச் செடிகளைத் தேடிப் போக, மாலை 4.20க்குச் சந்திப்பது என்று வைத்த சங்கேதம் அது. அவர்கள் அப்படிச் சொன்னதற்கு வேறு காரணமே கிடையாது. ஆனால், அது பரவிய பிறகு, கஞ்சா பிடிக்கும் போலீஸின் ரகசிய எண் என்று ஊர் கதை கட்டியது. அங்கேயும் ஒரு வெற்றிலைப் பெரியவர் இருந்திருக்கிறார். ஆக்ஸ்போர்டு அகராதி 2017இல் அதைச் சேர்த்தது. இந்தியாவிலிருந்து போன மாணவன் ஏப்ரல் 20 அன்று அங்கே விழா எடுப்பதைப் பார்த்தால், இவ்வளவு ஏமாற்றுக்காரர்கள் ஒன்றாகக் கூடிக் கொண்டாடுகிறார்களே என்றுதான் முதலில் நினைப்பான்.

யார் எழுதி வைப்பது?

விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரர் கண்மணி குணசேகரன். அரசுப் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்தபடியே 'அஞ்சலை' போன்ற நாவல்களை எழுதியவர். அவர் தனி ஆளாகத் தொகுத்த 'நடுநாட்டுச் சொல்லகராதி' 2007இல் வெளிவந்தது. கரிசலுக்கு கி. ராஜநாராயணன், கொங்குக்குப் பெருமாள்முருகன், தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் நடுவிலிருக்கும் எங்களுக்கு இவர். மூவருமே எழுத்தாளர்கள், மூவரும் பல்கலைக்கழகக் குழு எதுவும் இல்லாமல் தாங்களாகவே இறங்கியவர்கள் என்பது பெருமையா வெட்கமா என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால், அகராதி வருவதற்குள் செத்துப்போகிற சொற்கள் இருக்கின்றன. ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பில், ஒரு கபடி அணியில், ஒரு செங்கல் சூளையில் பிறந்து, நாலு வருடம் வாழ்ந்து, அந்தக் கூட்டம் கலைந்ததும் போய்விடுகிற சொற்கள். மகளிர் இலவசப் பேருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் மு.க. ஸ்டாலின் முதல்வராகப் பொறுப்பேற்ற அன்றே கையெழுத்திட்ட திட்டம். டிக்கெட்டில் கட்டணமில்லாப் பயணம். அரசு பிறகு வைத்த பெயர் விடியல் பயணம். அடையாளத்துக்கு முன்னும் பின்னும் மட்டும் பிங்க் வண்ணம் அடித்தபோது, லிப்ஸ்டிக் பஸ் என்றார்கள் கேலிக்காரர்கள். அமைச்சர் வாயில் ஓசி. ஒரே பஸ்ஸுக்கு நாலைந்து வருடத்தில் இத்தனை பெயர்கள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கட்சி, ஒரு மனத்தாங்கல். இருபது வருடம் கழித்து லிப்ஸ்டிக் பஸ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், அழகு சாதனக் கம்பெனி ஒன்று விளம்பரத்துக்கு விட்ட பஸ் என்று ஒரு பெரியவர் விளக்கம் சொல்லக்கூடும். அதை நம்பவும் செய்வார்கள்.

அதனால் இந்த இதழை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கூட்டத்துக்கு மட்டும் புரிந்த ஒரு சொல் உங்களிடம் நிச்சயம் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதுங்கள். எந்த ஊர், எந்த வருடம், யார் யாரிடம் சொன்னது, கேட்டவர் என்னவென்று புரிந்துகொண்டார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பூர்வீகக் கதை தெரிந்தால் அதையும் சேருங்கள். பொய்யென்று தோன்றினால் பொய்யென்றே குறியுங்கள். என் தாளில் முதல் வரி எழுதியாகிவிட்டது: "மல்லாட்டை. முகையூர் டீக்கடை. அர்த்தம் கேட்டால் திட்டுவார்கள்."